மெட்டில் விழும் பள்ளம்: கமகத்தின் பங்கும் கையின் பங்கும்

வீணை உள்ள வீடுகளில் சில வருடங்களுக்கு ஒரு முறை ஒரே புகார் எழும். சாரணியில், அதாவது முதல் வாசிப்புத் தந்தியில், ரிஷபத்தைப் பிடித்தால் கரகரப்பு. காந்தாரத்தில் அது இல்லை. தைவதத்தில் மறுபடியும் தலைகாட்டும். தந்தியை மாற்றுவார்கள், சுருதியைக் கொஞ்சம் இறக்கிப் பார்ப்பார்கள். எதற்கும் அடங்காமல் கடைசியில் வீணையை ஜன்னலோரம் கொண்டுபோய்ச் சாய்த்துப் பார்த்தால் விஷயம் பிடிபடும்: சாரணி படுகிற இடத்தில் மெட்டின் முதுகு குழிந்திருக்கும். எஃகுத் தந்தி கட்டிய கிதார் வைத்திருப்பவர்களுக்கும் இதே கதைதான். முதல் இரண்டு மூன்று ஃப்ரெட்டுகளில், மெல்லிய தந்திகளுக்கு அடியில், நகத்தால் தடவினால் தட்டுப்படும் அளவுக்குப் பள்ளம் விழுந்திருக்கும்.

இதற்கு யார் பொறுப்பு என்று கேட்டால் மூன்று பதில் வரும். வாசிக்கிறவர் உலோகம் மட்டம் என்பார். மேளம் கட்டுகிறவர், அதாவது மெழுகில் மெட்டு பதித்துச் சுரம் சேர்க்கிறவர், கை கனம் என்பார். சொல்லிக்கொடுக்கிறவரோ கமகம் உள்ள சங்கீதத்தில் மெட்டு தேயாமல் என்ன செய்யும் என்று கேட்பார். மூன்றிலும் உண்மை உண்டு. ஆனால் மூன்றையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதால்தான் தேவையில்லாமல் அரம் போட்டு நல்ல மெட்டுகளைக் கெடுக்கிறோம். சங்கீதம் கேட்கிற தேய்மானம் ஒன்று. கை வீணாக்குகிற தேய்மானம் வேறொன்று. இரண்டையும் பிரித்துச் சொல்லும் அடையாளம் மெட்டின் மேலேயே இருக்கிறது என்பது என் வாதம்.

இந்தக் கேள்வியைக் காஞ்சிபுரத்தில் இருந்துகொண்டு கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. பட்டுக்கும் கோயிலுக்கும் பேர்போன இந்த ஊர், வீணையின் சரித்திரத்திலும் இரண்டு மூன்று முக்கியமான இடங்களில் வருகிறது. எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இராஜசிம்ம பல்லவன் எடுப்பித்த கயிலாசநாதர் கோயிலில், அர்த்தநாரி விடையின்மேல் அமர்ந்து வீணை ஏந்தியிருக்கும் சிற்பம் இருக்கிறது. அது கோல் வடிவ வீணை. மெட்டு பதித்த இன்றைய வீணைக்குப் பல நூற்றாண்டு முந்தையது. அடுத்து முத்துசுவாமி தீட்சிதர் (1775–1835). அவர் இங்கே சில ஆண்டுகள் தங்கி உபநிஷத் பிரம்மத்திடம் பயின்றதாக மரபு வரலாறு சொல்கிறது. ஏகாம்பரநாதர் மேல் அவர் பைரவியில் செய்த ‘சிந்தய மாகந்த’ இன்றும் வீணை வகுப்புகளில் பாடமாக இருக்கிறது. தீட்சிதர் வைணிகர். அவருடைய கிருதிகளின் விளம்ப நடையும், ஒரே சுரத்தில் நின்று நிதானமாக அசைக்கும் கமகமும் வீணைத் தந்தியின்மேல் பிறந்தவை. இருபதாம் நூற்றாண்டில் காஞ்சிபுரம் நாயனாப் பிள்ளையிடம் பாடம் கேட்க வீணை தனம்மாளின் பேத்திகள் டி. பிருந்தாவும் டி. முக்தாவும் இந்த ஊருக்கு வந்தார்கள். பிருந்தா வீணையும் வாசித்தவர். ஆகவே கமகம் அடர்ந்த ஒரு பாணிக்கு இந்த ஊர் ஒரு நாற்றங்கால் என்று சொன்னால் மிகையில்லை. மெட்டு எங்கே, எப்படித் தேயும் என்பதை இந்தப் பாணியை வைத்துப் பார்ப்பதே சரி.

முதலில் தேய்மானம் நடக்கும் விதம். ஆர்ச்சர்டு என்ற ஆங்கிலேய ஆய்வாளர் 1953இல் வெளியிட்ட கணக்கு இன்றும் பொறியாளர்களுக்கு அடிப்படை. ஒரு பரப்பு எவ்வளவு தேயும் என்பது அழுத்தத்தையும் உரசும் தூரத்தையும் பெருக்கி, பரப்பின் கடினத்தால் வகுத்தால் வருவதை ஒட்டியிருக்கும். அழுத்தம் மட்டும் இருந்து உரசல் இல்லாவிட்டால் தேய்மானம் சொற்பம், நசுங்கல்தான் உண்டு. உரசல் இருந்து அழுத்தம் குறைவாக இருந்தாலும் அப்படியே. இரண்டும் சேர்ந்து கூடும்போதுதான் மெட்டு கரைகிறது. வீணைத் தந்தியைக் குறுக்கே இழுக்கும்போது நடப்பது இதுதான். ஒரு மெட்டில் கை வைத்து, அதற்கு ஒரு முழுச்சுரம் மேலே கேட்கும்படி தந்தியை இழுக்க வேண்டுமானால், அதிர்வெண் 9/8 மடங்காக வேண்டும். அதற்குத் தந்தியின் இழுவிசை சுமார் 27 சதவீதம் ஏற வேண்டும். சட்ஜத்திலிருந்து பஞ்சமம்வரை ஒரே மெட்டில் இழுப்பவர் தந்தியின் இழுவிசையை இரண்டேகால் மடங்காக்குகிறார். இழுவிசை ஏற ஏறத் தந்தி மெட்டின்மேல் இன்னும் பலமாக அமர்கிறது. விரலும் அதை வழுவாமல் பிடிக்க மேலும் அழுத்துகிறது. ஆக, உரசும் தூரமும் அழுத்தமும் சேர்ந்தே கூடுகின்றன. இழுப்பின் நீளம் இரண்டு மடங்கானால் தேய்மானம் இரண்டு மடங்குக்கும் மேலே போவது இதனால்தான்.

கமகம் என்று மொத்தமாகப் பேசினால் இந்த இடத்தில் வழி தவறிவிடுவோம். தீட்சிதர் பரம்பரையில் வந்த சுப்பராம தீட்சிதர் 1904இல் எட்டயபுரத்தில் அச்சிட்ட ‘சங்கீத ஸம்ப்ரதாய ப்ரதர்சினி’ கமகங்களை வகைப்படுத்தி, ஒவ்வொன்றுக்கும் குறியீடு கொடுத்து, வீணையில் அதை எப்படி எழுப்புவது என்றும் விளக்குகிறது. எனக்கு அது ஒரு தேய்மான அட்டவணையாகவே படுகிறது. ஸ்புரிதம், ப்ரத்யாகதம் போன்றவை விரல் தட்டிப் பிறப்பவை. தந்தி மெட்டில் இறங்கி எழுகிறது, குறுக்கே நகர்வதில்லை. இதனால் விழுவது தந்தியின் கனத்துக்கே ஒரு மெல்லிய கோடு. ஜாருவில் விரல் தந்தியின்மேல் நீளவாட்டில் சறுக்கிப்போகிறது. மெட்டுகளைத் தந்தி ஒவ்வொன்றாகத் தொட்டுக் கடக்கிறது. தேய்மானம் பல மெட்டுகளுக்குப் பரவிவிடுவதால் எதிலும் ஆழமாக இறங்காது. கம்பிதத்தில் தந்தி சின்ன எல்லைக்குள் முன்னும் பின்னும் அசைந்துகொண்டே இருக்கிறது. தூரம் சிறிது, தடவை எண்ணற்றது. அதன் அடையாளம் கோடாக இருக்காது. ஓர் அரிசி அளவுக்கு வழவழவென்று பளபளக்கும் இடமாக இருக்கும். தந்தியை வளைத்து ஒரே மெட்டில் இரண்டு மூன்று சுரங்களைக் காட்டும் வளியும், மேல் சுரத்துக்கு இழுத்து நிறுத்தும் ஒதுக்கலும்தான் மெட்டை உண்மையில் தின்கிறவை. இவை ஒரு பக்கம் ஆழமாகத் தொடங்கி மறுபக்கம் சரிந்து ஏறும் அகலமான பள்ளத்தை விடுகின்றன.

சின்னக் காஞ்சிபுரத்தில் ஒரு வீட்டில் இருக்கும் பழைய தஞ்சாவூர் வீணையை இந்தக் கண்ணோடு பார்த்தேன். பலா மரம், வெண்கல மெட்டுகள், வகுப்பெடுத்து வகுப்பெடுத்துப் பழகிய வாத்தியம். சாரணியின் கீழே இரண்டாம் மெட்டும், அதாவது சதுச்ருதி ரிஷபமும், எட்டும் ஒன்பதுமான தைவத மெட்டுகளும் நன்றாகக் குழிந்திருந்தன. பள்ளம் தந்தி கிடக்கிற நேர்க்கோட்டில் தொடங்கி, இழுக்கும் திசையில் ஒரு விரற்கடை தூரம் சரிந்து போய் முடிந்தது. அந்தர காந்தார மெட்டிலும் அதே சரிவு, கொஞ்சம் குறைவாக. ஆனால் மூன்றாம் மெட்டான சாதாரண காந்தாரமும் பத்தாம் மெட்டான கைசிகி நிஷாதமும் கிட்டத்தட்டப் புது மெட்டு போல உருண்டு நின்றன. தோடியின் காந்தாரம் ரிஷப மெட்டிலிருந்து இழுத்தே பிறக்கிறது. பைரவியின் நிஷாதம் தைவத மெட்டிலிருந்து. சங்கராபரணத்தின் மத்தியமம் காந்தார மெட்டிலிருந்து. ஆக, காதில் அதிகம் ஒலிக்கும் சுரத்தின் மெட்டு தேயவில்லை, அதற்குக் கீழே இருக்கும் மெட்டு தேய்ந்திருக்கிறது. பஞ்சம மெட்டில் சரிவே இல்லை, மெல்லிய நேர்க்கோடு மட்டும். அசையாத சுரம் அல்லவா. அந்த வீட்டில் எந்த ராகங்கள் அதிகம் சொல்லிக்கொடுக்கப்பட்டன என்று மெட்டைப் பார்த்தே ஓரளவு ஊகிக்க முடிந்தது. இது சங்கீதம் கேட்ட தேய்மானம்.

அதே வீணையில் இன்னொன்றும் இருந்தது. முதல் எட்டு மெட்டுகளில் சிலவற்றில், தேயக் காரணமில்லாத இடங்களில்கூட, கம்பி வைத்து அடித்ததுபோல் ஆழமான நேர்க்கோடுகள். சரிவு கிடையாது. ஆரம்பப் பாடத்தில் சரளி வரிசை வாசிக்கும் பிள்ளைகள் விரலை மெட்டுக்கு ஒட்டி வைக்காமல் இரண்டு மெட்டுகளுக்கு நடுவே வைத்து, சத்தம் சுத்தமாக வரவில்லையே என்று மேலும் மேலும் அழுத்தியதன் விளைவு. இது கை வீணாக்கிய தேய்மானம். சரிவான பள்ளமும் நேர்க்கோடும் ஒரே மெட்டில் இருந்தாலும் உற்றுப் பார்த்தால் தனித்தனியாகத் தெரியும்.

பாணிகளைப் பற்றிப் பேசும்போது எச்சரிக்கை வேண்டும். ஒவ்வொரு வித்வானும் தனி. ஆனாலும் பொதுவாகச் சொல்லக்கூடியது உண்டு. தஞ்சாவூர் வழி வந்தவர்கள் வாய்ப்பாட்டைத் தந்தியில் கொண்டுவர முயல்வதால் இழுப்பு அதிகம். மைசூர் வழியில், வீணை சேஷண்ணாவிலிருந்து (1852–1926) வீ. தொரைசாமி ஐயங்கார் வரை, மெட்டுக்கு மெட்டு விரல் நகரும் தெளிவும் விரல்களைப் பிரித்து வாசிப்பதும் முன்னுக்கு நிற்கும். ஆந்திர வழியில் ஈமனி சங்கர சாஸ்திரியும் அவர் சீடர் சிட்டிபாபுவும் வேகத்தையும் வலக்கை மீட்டின் வகைகளையும் வளர்த்தார்கள். காரைக்குடி சகோதரர்களின் வழி, மீட்டின் கனத்துக்குப் பேர்போனது. எஸ். பாலசந்தர் (1927–1990) ஒரே மெட்டில் மற்றவர்கள் நினைத்துப் பார்க்காத தூரம் தந்தியை இழுத்தவர். ஆர்ச்சர்டு கணக்கை இவர்கள்மேல் போட்டால், மைசூர் வழியில் மெல்லிய தேய்மானம் பல மெட்டுகளுக்குப் பரவும். பாலசந்தர் போல வாசித்தால் சில மெட்டுகள் மிக அகலமாகக் குழியும். வலக்கையின் கனம் மெட்டை நேரே தேய்ப்பதில்லை. ஆனால் பலமாக மீட்டுகிற கைக்கு இடக்கையும் பலமாகப் பிடித்தால்தான் தந்தி நிற்கும். அழுத்தம் அந்தப் பக்கவழியாகக் கூடுகிறது.

இதற்கு மறுகோடியில் வீணை தனம்மாள் (1867–1938). ஜார்ஜ் டவுன் வீட்டில் வெள்ளிக்கிழமை மாலைகளில் அவர் வாசித்தபோது கேட்பவர்கள் மூச்சடக்கி உட்கார்ந்திருந்தார்கள் என்பது சங்கீத உலகம் அறிந்தது. அவ்வளவு மென்மையான நாதம். அந்த வாசிப்பில் கமகம் குறைவு என்று யாரும் சொல்லமாட்டார்கள். கமகம் என்றால் பலம் என்கிற எண்ணம் தப்பு என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது. இழுப்பு சங்கீதத்துக்கு வேண்டியது, முரட்டுப்பிடி அப்படியல்ல.

கிதாருக்கு வருவோம். அங்கே ஃப்ரெட் பெரும்பாலும் ‘நிக்கல் சில்வர்’ என்ற உலோகம். பேரில்தான் வெள்ளி, உள்ளே இருப்பது செம்பும் துத்தநாகமும் சுமார் 18 சதவீதம் நிக்கலும். விக்கர்ஸ் அளவில் அதன் கடினம் இருநூறை ஒட்டியது, எஃகுத் தந்தியினுடையதோ ஐந்நூறுக்கு மேல். நைலான் தந்தி கட்டிய கிதாரில் ஃப்ரெட் தேய்வது அபூர்வமாக இருப்பதற்கும் இதுவே காரணம். கார்டு பிடித்துப் பாடுகிறவர்களின் கிதாரில் முதல் மூன்று ஃப்ரெட்டுகளிலேயே நேர்க்கோடுகள் குவியும். எல்லாத் தந்திகளையும் ஒருசேர அழுத்தும் கேப்போவை மாட்டியே வைத்திருப்பவர்களுக்கு அந்த ஃப்ரெட்டில் எல்லாத் தந்திக்கும் அடியில் தழும்பு விழும். தந்தியை வளைத்து வாசிக்கும் ப்ளூஸ்காரர்களுக்கு மேல் ஃப்ரெட்டுகள் அகலமாகத் தட்டையாகும். வீணையில் பார்த்த அதே இலக்கணம். கிதாரில் கர்நாடக இசை வாசிப்பவர்களுக்கு இரண்டு வகையும் சேர்ந்து வரும் என்பதால் அவர்கள் ஃப்ரெட்டுகள் சீக்கிரம் களைத்துப்போகும்.

இரண்டு வாத்தியங்களும் சந்தித்த ஓர் இடம் உண்டு. கிதார் கலைஞர் ஜான் மெக்லாஃப்லின் அமெரிக்காவில் எஸ். ராமநாதனிடம் வீணை பயின்றார். பின்பு 1970களில் ‘சக்தி’ குழுவுக்காக கிப்சன் நிறுவனத்தில் தனக்கென்று ஒரு கிதார் செய்யச் சொன்னார். அதில் ஃப்ரெட்டுகளுக்கு நடுவே மரத்தைக் குடைந்து எடுத்திருந்தார்கள். விரல் மரத்தில் படாமல் தந்தியை வீணைபோல இழுக்கத்தான் அந்த ஏற்பாடு. ஆனால் அதிலும் வீணையிலும் ஒரே கண்டிப்பு இருக்கிறது: அடியில் தடுக்க மரம் இல்லாததால், தேவைக்கு மேல் அழுத்தினால் சுரம் உடனே ஏறிவிடும். சாதாரண கிதாரில் மரம் அந்தத் தப்பை மறைத்துவிடும். வீணை மறைக்காது. சுரத்தைக் காதால் பிடித்துக்கொண்டே அழுத்தத்தைக் குறைத்துக்கொண்டு வந்து, கரகரப்பு தொடங்கும் எல்லைக்குச் சற்று முன்னால் நிற்பதுதான் சரியான பிடி. விரலை மெட்டை ஒட்டி வைத்தால் அந்த எல்லை வியப்பூட்டும் அளவுக்குக் கீழே இருக்கிறது. ஆரம்ப வகுப்பிலேயே இதைச் சொல்லிக்கொடுத்தால் மெட்டு மட்டுமல்ல, பிள்ளைகளின் விரலும் பிழைக்கும்.

உலோகத்தைக் கடினமாக்கிவிட்டால் போதாதா என்ற கேள்வி நியாயமானது. கிதாரில் துருப்பிடிக்காத எஃகு ஃப்ரெட்டுகள் வந்து வெகுநாளாயிற்று. அவை நிச்சயம் அதிகநாள் உழைக்கின்றன. வீணையிலும் வெண்கலம், பித்தளையோடு இப்போது எஃகு மெட்டும் பதிக்கிறார்கள். பயிற்சி வீணைக்கு அதை நான் ஆட்சேபிக்கமாட்டேன். ஆனால் மெட்டு தேயாவிட்டால் தந்தி தேயும். தந்தியின் அடிப்பக்கம் தட்டையாகி அது பொய்சுரம் பேசத் தொடங்கும். வெண்கல மெட்டின் நாதத்துக்குப் பழகிய காதுக்கு எஃகு கொஞ்சம் வெடுக்கென்று கேட்கும். கச்சேரி வீணைக்கு வெண்கலமே என் கட்சி.

அதைவிட அக்கறை காட்டவேண்டிய இடம் தந்தியும் எண்ணெயும். துருவேறிய எஃகுத் தந்தி அரத்துக்குச் சமம். அறுந்தால்தான் மாற்றுவது என்று பலர் வைத்திருக்கிறார்கள்; அதற்குள் அது மெட்டில் ஒரு வருட வேலையைச் செய்துவிடும். விரல் வழுக்குவதற்குத் தொட்டுக்கொள்ளும் தேங்காயெண்ணெய், தூசியோடும் உலோகப் பொடியோடும் குழைந்து கறுப்பாக மெட்டின் மேல் படியும். வைணிகர்களின் இடக்கை விரல் நுனியில் இருக்கும் கறுப்புக் கோடு பாதி அந்தக் குழம்புதான். வாசித்து முடித்ததும் ஒரு பருத்தித் துணியால் தந்தியையும் மெட்டையும் துடைத்துவிட்டால் ஒரு மாதிரி மெருகேற்றும் பசையாக அது வேலை செய்வது நின்றுவிடும்.

கரகரப்பு என்றாலே தேய்மானம் என்று முடிவுகட்டவும் கூடாது. வீணையின் மெட்டுகள் தேன்மெழுகும் கரிப்பொடியும் குங்கிலியமும் கலந்து காய்ச்சிய சட்டத்தில் உட்கார்ந்திருக்கின்றன. காஞ்சிபுரத்து மே மாத வெயிலில் மெழுகு இளகி, பலமாக அழுத்தப்படும் மெட்டு மயிரிழை அளவு இறங்கினாலும் அடுத்த மெட்டில் தந்தி இடிக்கும். பள்ளம் விழுந்தாலும் இதே சத்தம்தான். வித்தியாசம் கண்டுபிடிக்க ஒரு வழி: தந்தியைக் குழிவிலிருந்து சற்று விலக்கி, தேயாத இடத்தில் பிடித்து மீட்டிப் பார்க்க வேண்டும். கரகரப்பு போய்விட்டால் குற்றம் பள்ளத்தில். போகாவிட்டால் மெட்டு இறங்கியிருக்கிறது. இன்னொரு அறிகுறி கரகரப்புக்கும் முன்னதாகவே வருகிறது. கம்பிதம் செய்யும்போது தந்தி பள்ளத்தின் விளிம்பில் தடுக்கி ஏறும். அசைவு வழுவழுப்பாக இல்லாமல் படிப்படியாகக் கேட்கும். தன் கைதான் சரியில்லை என்று நினைத்து மணிக்கணக்கில் சாதகம் செய்யும் மாணவர்களை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது.

பரிகாரத்தில் வீணைக்கு கிதாரைவிட ஒரு பெரிய அனுகூலம் உண்டு. கிதாரில் ஃப்ரெட்டின் அடிநாக்கு மரத்தில் வெட்டிய காடியில் அடித்து இறக்கப்பட்டிருக்கிறது. ஒரு ஃப்ரெட் குழிந்தால் மற்ற எல்லாவற்றையும் அந்த மட்டத்துக்கு அராவிக் குறைக்க வேண்டும். இப்படிச் சில தடவை செய்தால் உயரம் தீர்ந்துபோய், எல்லாவற்றையும் பிடுங்கிப் புதிது அடிக்க வேண்டிவரும். வீணையில் ஒரு மெட்டை மட்டும் எடுத்து, அராவி, உப்புத்தாள் போட்டு, முதுகைப் பழையபடி உருட்டி, குறைந்த உயரத்தை மெழுகால் ஏற்றி மறுபடி பதிக்கலாம். தஞ்சை ரகுநாத நாயக்கர் காலத்தில் 24 மெட்டுகள் நிலைபெற்றதிலிருந்து மெழுகு இந்த உதவியைச் செய்துவருகிறது. மெழுகை விட்டுவிட்டுத் திருகாணியில் மெட்டைப் பூட்டும் புது வீணைகள் வெயிலில் இறங்குவதில்லை என்பது பெரிய லாபம். பயணம் போகிறவர்களுக்கு வரப்பிரசாதம். ஆனால் தேய்ந்த மெட்டை உயர்த்திக்கொள்ளும் வசதி அவற்றில் இருக்கிறதா என்று கேட்டு வாங்குவது நல்லது.

மேளம் கட்டத் தெரிந்தவர்கள் குறைந்துவருகிறார்கள். காஞ்சிபுரத்தில் இருப்பவர்கள் வீணையைத் தூக்கிக்கொண்டு மயிலாப்பூருக்கோ தஞ்சாவூருக்கோ போக வேண்டும். அந்த அலைச்சலுக்கு அஞ்சித் தள்ளிப்போட, பள்ளம் ஆழமாகி அராவ வேண்டிய அளவும் கூடுகிறது. தஞ்சாவூர் வீணைக்குப் புவிசார் குறியீடு வாங்கிக்கொடுத்த அக்கறை, மாவட்டத்துக்கு ஒருவருக்காவது மேளம் கட்டக் கற்றுக்கொடுப்பதிலும் இருந்திருக்கலாம்.

அரம் போடுவதற்கு முன்னால் ஒன்று செய்ய வேண்டும். தனம்மாளின் வாசிப்பில் 1930களில் பதிந்த சில இசைத்தட்டுகள்தான் நமக்கு மிஞ்சியவை. அவருக்கு முந்தியவர்களுக்கு அதுவும் இல்லை. எந்த மெட்டிலிருந்து எவ்வளவு தூரம் இழுத்தார்கள் என்பதைக் குறியீட்டுப் புத்தகம் முழுக்கச் சொல்லிவிடாது. அவர்கள் வாசித்த வீணையின் தேய்ந்த மெட்டு சொல்லும். பழைய வித்வான்களின் வாத்தியம் வைத்திருக்கும் குடும்பங்கள் மெட்டு மாற்றும்போது பழையவற்றைப் பித்தளை எடைக்குப் போட்டுவிடுகின்றன. அதைத் தடுக்கச் செலவு அதிகமில்லை. பக்கவாட்டு வெளிச்சத்தில் ஒவ்வொரு மெட்டையும் நெருக்கமாகப் படம் எடுக்க வேண்டும். கழற்றும்போது 1 முதல் 24 வரை எண்ணிட்டு, இழுக்கும் பக்கம் எது என்று ஒரு புள்ளி வைத்து, தந்தியின் கனத்தையும் கட்டிய சுருதியையும் ஒரு தாளில் எழுதி, எல்லாவற்றையும் ஒரே துணிப்பையில் போட்டு வீணைப் பெட்டிக்குள்ளேயே வைத்துவிட வேண்டும்.